20 ரூபாய் தண்ணீர் பாட்டில் 100 ரூபாய் ஆவது எப்படி? ஓட்டல் ‘ஆம்பியன்ஸ்’ பின்னால் இருக்கும் கணக்கு

பெட்டிக்கடையில் 20 ரூபாய்க்குக் கிடைக்கும் தண்ணீர் பாட்டிலை 100 ரூபாய்க்கு விற்கிறீர்கள். அந்தக் கூடுதல் 80 ரூபாய் எதுக்கு? இப்படிக் கேட்டது பில்லைப் பார்த்துக் கடுப்பான வாடிக்கையாளர் இல்லை, டெல்லி உயர் நீதிமன்றம். 2025 ஆகஸ்டில் சர்வீஸ் சார்ஜ் தொடர்பான மேல்முறையீட்டு விசாரணையில் ஓட்டல் சங்கங்களைப் பார்த்து நீதிபதிகள் இந்தக் கேள்வியை எழுப்பினார்கள். சாப்பாட்டுக்கு ஒரு விலை, உட்கார்ந்து சாப்பிடும் சூழலுக்கு எம்.ஆர்.பி.யைத் தாண்டி ஒரு விலை, அதுக்கும் மேல சர்வீஸுக்குத் தனியா ஒரு சார்ஜா என்பதுதான் அவர்கள் கேட்டதன் சாரம்.

சூழல் என்று நீதிமன்றம் சொன்னதைத்தான் நாம ‘ஆம்பியன்ஸ்’ என்கிறோம். லைட், ஏ.சி., நாற்காலி, பின்னணியில் ஓடும் பாட்டு, சுவரில் மாட்டிய படம், கை கழுவும் இடம் எல்லாமே இதில் அடக்கம். மெனு கார்டில் இதுக்கு விலை போட்டிருக்காது. ஆனா பில்லில் இருக்கும். எவ்வளவு இருக்கும், எதுக்காக இருக்கும் என்று பார்த்தால், ஓட்டல் தொழிலின் மொத்தக் கணக்கும் அதுக்குள்ளேயே கிடக்கிறது.

எம்.ஆர்.பி.க்கு மேல் விற்கலாமா?

விற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. ஓட்டலுக்கு வருபவர் வெறும் தண்ணீர் பாட்டிலை வாங்க வருவதில்லை. உட்காரும் வசதி, பரிமாறும் சேவை, அந்த இடத்தின் சூழல் எல்லாவற்றையும் சேர்த்தே அனுபவிக்கிறார். அதனால் கடையில் விற்கும் பொருளுக்கான எம்.ஆர்.பி. விதி இங்கே பொருந்தாது என்பதே அந்தத் தீர்ப்பின் போக்கு. ஆக, ஆம்பியன்ஸுக்குக் காசு வாங்குவது சட்டப்படி தப்பில்லை.

சர்வீஸ் சார்ஜ் கதை வேறு. பில்லில் அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அது செல்லும் என்று 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். அதை எதிர்த்த மேல்முறையீட்டில்தான் 80 ரூபாய் கேள்வி வந்தது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி இன்னொரு வடிவத்தில் எல்லோருக்கும் பழக்கம்: ஏ.சி. ஹால். அதே அடுப்பு, அதே மாஸ்டர், அதே தோசை. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் விலை கூடிவிடும். வரி அதிகம் சார் என்று சப்ளையர் சொல்வார். ஒரு காலத்தில் அது உண்மைதான். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது ஏ.சி. இல்லாத ஓட்டலுக்கு 12 சதவீதம், ஏ.சி. ஓட்டலுக்கு 18 சதவீதம். அதே ஆண்டு நவம்பர் 15 முதல் இந்த வித்தியாசம் போய்விட்டது. பெரிய ஸ்டார் ஓட்டல்களுக்குள் இருக்கும் ரெஸ்டாரண்டுகளைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் 5 சதவீதம்தான். இன்றைக்கு ஏ.சி. ஹாலில் தோசைக்குக் கூடுதலா வாங்குவது வரியால் இல்லை. அது முதலாளி போட்ட விலை. கரண்ட் பில்லும் அதில் இருக்கும், நீங்கள் அங்கே கூடுதலாக உட்காரப்போகும் நேரமும் இருக்கும்.

நாற்காலி சொல்லும் நேரம்

இன்டீரியர் என்றால் அழகு என்று நினைக்கிறோம். ஓட்டல்காரரைக் கேட்டால் அது நேரம். ஒரு ஆள் ஒரு நாற்காலியில் எத்தனை நிமிஷம் உட்காரணும் என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் மற்ற எல்லாமே.

ஒரு கணக்குக்கு 40 சீட் உள்ள கடையை எடுத்துக்கொள்வோம். ஒரு ஆள் 20 நிமிஷத்தில் டிபன் முடித்து எழுந்தால், ஹவுஸ்ஃபுல் நேரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 120 பேர் சாப்பிடலாம். அதே ஆள் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் 40 பேர்தான். அதாவது சோபா போட்டு, மெல்லிய லைட் போட்டு, நிதானமா உட்கார வைக்கிற கடை, அதே வசூல் பார்க்கணும்னா தலைக்கு மூன்று மடங்கு பில் போட்டாகணும். இதில் மர்மம் எதுவும் இல்லை.

நம்ம ஊர் டிபன் ஓட்டலைப் பாருங்க. வெள்ளை டியூப் லைட், கிரானைட் டேபிள், முதுகு சாய வசதி குறைவான நாற்காலி, எதிரே முகம் தெரியாத ஒருத்தர், நாம கடைசி வாய் காபி குடிக்கும்போதே பின்னால் வந்து நிற்கும் அடுத்த குடும்பம். யாரும் எழுந்து போகச் சொல்வதில்லை, ஆனா எழுந்துவிடுவோம். டீக்கடையிலும் சலூனிலும் ‘இங்கு அரசியல் பேசக் கூடாது’ என்று ஒரு போர்டு பார்த்திருப்பீர்கள். சண்டை வரக் கூடாது என்பது ஒரு காரணம். ஒரு டீக்கு முக்கால் மணி நேரம் பெஞ்சு போகக் கூடாது என்பது இன்னொரு காரணம் என்றே தோன்றுகிறது.

இந்த யோசனையை அதன் எல்லை வரை கொண்டு போனது பெங்களூரு. 1983-ல் ஜெயநகரில் தொடங்கிய கபே தர்ஷினி, நாற்காலியையே எடுத்துவிட்டது. டோக்கன் வாங்கு, கவுண்டரில் எடு, உயரமான டேபிளில் நின்று சாப்பிடு, கிளம்பு. இன்றைக்கு சென்னையிலும் நின்று சாப்பிடும் டேபிளோடு நெய் பொடி இட்லிக் கடைகள் வருவது அந்த வழியில்தான். குறைந்த இடத்தில் நிறைய பேர், அதனால் குறைந்த விலை. வயசானவங்களுக்கும் கைக்குழந்தையோடு வருபவர்களுக்கும் அங்கே இடமில்லை என்பதையும் சேர்த்தே சொல்லணும்.

நேர் எதிர் துருவம், சென்னை உட்லண்ட்ஸ் டிரைவ் இன். 1962-ல் தொடங்கி 2008 வரை இருந்த அந்த இடத்தில் இன்டீரியர் என்று சொல்ல பெரிதாக எதுவும் கிடையாது. மரங்கள்தான் ஆம்பியன்ஸ். காரில் உட்கார்ந்தபடியே சாப்பிடலாம், ஒரு காபியோடு மணிக்கணக்கா பேசலாம். அந்த நிலத்தை அரசு மீட்டு, 2010-ல் செம்மொழிப் பூங்கா திறந்தது. கதீட்ரல் சாலையின் இன்றைய நில மதிப்பில் ஒரு காபிக்கு அவ்வளவு நேரம் உட்காரவிடும் கடையை யாராலும் நடத்த முடியாது.

பாட்டு போட்டால் பில் ஏறுமா?

மெதுவான பாட்டு போடுங்க, வியாபாரம் ஏறும் என்று ரெஸ்டாரண்ட் ஆலோசகர்கள் பலர் சொல்வார்கள். இதுக்கு மூலம் 1986-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு. ரொனால்ட் மில்லிமன் என்ற பேராசிரியர் டல்லாஸ் பகுதி ரெஸ்டாரண்ட் ஒன்றில் சில நாட்கள் வேகமான இசை, சில நாட்கள் மெதுவான இசை போட்டுப் பார்த்தார். வேகமான இசை நாட்களில் சாப்பிட வந்தவர்கள் சராசரியாக 45 நிமிஷம் உட்கார்ந்தார்கள். மெதுவான இசையில் 56 நிமிஷம்.

எல்லோரும் இதுவரைக்கும்தான் சொல்வார்கள். முழுசா படித்தால் இன்னொரு விஷயம் இருக்கிறது. சாப்பாட்டு பில் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஏறியது மது பில், சுமார் 40 சதவீதம். அங்கே லாபம் வந்தது பாரில் இருந்து. மது இல்லாத நம்ம டிபன் ஓட்டலில் இதை அப்படியே செய்தால், 11 நிமிஷம் டேபிள் போகும், கூடுதலா ஒரு ரூபாய் வராது. ஒருவேளை இன்னொரு காபி சொல்வார்கள்.

லைட்டைக் குறைத்தால் மக்கள் குறைவா சாப்பிட்டு அதிகமா ரசிப்பார்கள் என்று இன்னொரு ஆய்வு அடிக்கடி பகிரப்படுகிறது. அதைச் செய்தவர்களில் ஒருவர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பிரையன் வான்சிங்க். அவர் ஆய்வு நெறிகளை மீறியதாக 2018-ல் அந்தப் பல்கலைக்கழகமே முடிவுக்கு வந்தது, அவருடைய ஒரு டஜனுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. சிவப்பு, மஞ்சள் பெயின்ட் பசியைத் தூண்டும் என்பதும் இதே மாதிரி எல்லோரும் சொல்கிற, உறுதியான ஆதாரம் இல்லாத பேச்சு. ஜெர்மனியில் மெக்டொனால்ட்ஸ் 2009-லேயே தன் சிவப்புப் பின்னணியைப் பச்சைக்கு மாற்றத் தொடங்கியது. அதனால் யாருக்கும் பசி எடுக்காமல் போகவில்லை.

பாட்டு போடுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சொந்த செல்போனில் இருக்கும் மியூசிக் ஆப்பை கடை ஸ்பீக்கரில் இணைப்பது வணிகப் பயன்பாடு. காப்புரிமைச் சட்டப்படி அதுக்குத் தனி உரிமம் வேண்டும். சின்னக் கடைகள் பலவற்றுக்கு நோட்டீஸ் வரும்போதுதான் இது தெரியவரும்.

சத்தம்: யாரும் பேசாத பிரச்னை

என்னைக் கேட்டால், தமிழ்நாட்டு ஓட்டல்களில் முதலில் சரிசெய்ய வேண்டியது லைட்டோ பெயின்டோ இல்லை, சத்தம்தான். கிரானைட் டேபிள், டைல்ஸ் தரை, கண்ணாடிச் சுவர், எவர்சில்வர் டம்ளர். எல்லாமே சத்தத்தைத் திருப்பி அடிக்கும் பொருட்கள். உறிஞ்சிக்கொள்ள திரையோ துணியோ எதுவும் கிடையாது, சுத்தம் செய்வது கஷ்டம் என்பதால். விளைவு, பக்கத்து டேபிள் பேச்சுக்கு மேலே நாம கத்த, நமக்கு மேலே அவங்க கத்த, மதியம் ஒரு மணிக்கு ஹால் முழுக்க இரைச்சல்.

இது எரிச்சலோடு முடிவதில்லை. பின்னணி இரைச்சல் அதிகமா இருக்கும்போது உப்பும் இனிப்பும் நாக்குக்குக் குறைவாகவே தெரிவதாக 2011-ல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வு சொன்னது. சாம்பாரில் உப்பு கம்மி என்ற புகார் சில நேரம் மாஸ்டர் மேல் இல்லாமல் சீலிங் மேல் இருக்க வேண்டியது!

அழகுக்காகப் போடும் சாதாரண ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் சத்தத்தைப் பெரிதாகக் குறைக்காது. துளைகள் போட்ட பலகை, மினரல் ஃபைபர் டைல் மாதிரியான சத்தம் உறிஞ்சும் ரகம் வேண்டும். பாத்திரம் போடும் டப்பை டேபிள்களுக்கு நடுவில் வைக்காமல் தடுப்புக்குப் பின்னால் தள்ளினாலே பாதி சத்தம் போய்விடும். இதுக்கு ஆகும் செலவு ஒரு செயற்கை இலைச் சுவருக்கு ஆகும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனா இதை யாரும் போட்டோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட மாட்டார்கள், அதான் பிரச்னை.

செல்ஃபி கார்னருக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

டெலிவரி ஆப்கள் வந்த பிறகு, வீட்டுக்கே பிரியாணி வரும்போது கடைக்கு எதுக்கு வரணும் என்ற கேள்விக்கு ஓட்டல்கள் பதில் வைத்திருக்க வேண்டிய நிலை. அந்தப் பதில்தான் நியான் எழுத்து, ஊஞ்சல், செல்ஃபி கார்னர். கடை திறந்த முதல் மாதம் ரீல்ஸ் பார்த்துக் கூட்டம் வரும். அந்தக் கூட்டம் திரும்ப வருமா என்பதில்தான் பணம் போட்டவரின் தூக்கம் இருக்கிறது.

இங்கே ஜி.எஸ்.டி. இன்னொரு வேலை செய்கிறது. 5 சதவீத வரி கட்டும் ரெஸ்டாரண்டுக்கு ‘இன்புட் டாக்ஸ் கிரெடிட்’ கிடையாது. அதாவது நாற்காலி, லைட், ஃபால்ஸ் சீலிங், ஏ.சி. வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. மற்ற பல தொழில்களில் கழிக்கலாம். ஏ.சி.க்கு 28 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆனது கொஞ்சம் ஆறுதல், அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இன்டீரியருக்கு 20 லட்சம் செலவு, 18 சதவீத வரியோடு 23 லட்சத்து 60 ஆயிரம். ஐந்து வருஷத்துக்குள் அந்த அலங்காரம் பழசாகிவிடும் என்று வைத்தால், மாதம் சுமார் 39,300 ரூபாய், ஒரு நாளைக்கு 1,310 ரூபாய். தினமும் 200 பேர் வந்தால் தலைக்கு ஆறரை ரூபாய், யாருக்கும் உறுத்தாது. 50 பேர்தான் வருகிறார்கள் என்றால் தலைக்கு 26 ரூபாய். வட்டி, வாடகை, கரண்ட் இதில் சேர்க்கவே இல்லை. கூட்டம் குறைந்தால் விலையை ஏற்றணும், ஏற்றினால் கூட்டம் இன்னும் குறையும். அழகா இருந்த பல கடைகள் ஒரு வருஷத்தில் ஷட்டரை இறக்குவது இப்படித்தான்.

இன்னொன்று, வாடகைக் கட்டடம். 11 மாத ஒப்பந்தத்தில் இடம் எடுத்து, ஐந்து வருஷத்துக்கான இன்டீரியரைச் சுவரில் ஆணியடித்துப் பொருத்துகிறவர்கள் நிறைய பேர். காலி செய்யச் சொன்னால் நாற்காலியை எடுத்துப் போகலாம், டைல்ஸையும் சீலிங்கையும் எடுத்துப் போக முடியுமா? குறைந்தது மூன்று நான்கு வருஷத்துக்கு ஒப்பந்தத்தைப் பதிவு செய்துவிட்டு, அதுக்கப்புறம் டிசைனரைக் கூப்பிடுவதுதான் வரிசை. அதுவரை பிளைவுட்டை விட, கழற்றி எடுத்துப் போகக்கூடிய மர டேபிளில் போட்ட காசு பத்திரம்.

கிராமத்து செட்டும் தீயும்

இப்போ ஓடும் ட்ரெண்ட், கிராமத்து செட். கீற்றுக் கூரை, லாந்தர் விளக்கு, மாட்டு வண்டிச் சக்கரம், வாசலில் ஆட்டுக்கல். மாவு அரைப்பது என்னவோ உள்ளே இருக்கும் எலெக்ட்ரிக் கிரைண்டர்தான். அதில் தப்பு இல்லை. கீற்றுக்கும் மூங்கிலுக்கும் நடுவில் ஒயர் ஓடுவதில்தான் தப்பு.

2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் திருமண மண்டபத் தீ, கீற்றுப் பந்தலில் பற்றி 50-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அதே ஆண்டு ஜூலையில் கும்பகோணம் பள்ளிக் கூரை, 94 குழந்தைகள். அதுக்கப்புறம் பள்ளிகளில் கீற்றுக் கூரை அகற்றப்பட்டது. அதே கீற்று இருபது வருஷம் கழித்து ரெஸ்டாரண்டுக்குள் ‘தீம்’ என்ற பெயரில் திரும்பி வந்திருக்கிறது. மும்பை கமலா மில்ஸ் வளாகத்தில் 2017 டிசம்பர் 29 நள்ளிரவு, மொட்டைமாடி ரெஸ்டாரண்ட் தீயில் 14 பேர் இறந்தார்கள். மேற்கூரையில் இருந்த எளிதில் பற்றும் பொருட்களால் தீ நிமிஷங்களில் பரவியது. வெளியேறும் வழி தெரியாமல் கழிப்பறைக்குள் ஒதுங்கியவர்கள் பலர் மூச்சுத் திணறி இறந்தார்கள்.

அடுத்த முறை அப்படி ஒரு கடைக்குப் போனால் போட்டோ எடுக்கும் முன் இரண்டாவது வாசல் எங்கே, அதன் முன்னால் எக்ஸ்ட்ரா டேபிள் போட்டு அடைத்திருக்கிறார்களா என்று ஒரு பார்வை பாருங்கள். நடத்துபவர்களுக்கு, கீற்று மாதிரியே தெரியும் தீப்பற்றாத ரகங்கள் மார்க்கெட்டில் இருக்கின்றன. விலை கொஞ்சம் அதிகம்.

யாருக்காக திறந்த கதவு?

ஒரு ஓட்டலின் அமைப்பு யாரை உள்ளே வரச் சொல்கிறது, யாரை வெளியே நிற்க வைக்கிறது என்பது தமிழ்நாட்டில் புதுப் பிரச்னை இல்லை. ரயில் நிலைய உணவகங்களில் பிராமணர்களுக்கும் மற்றவர்களுக்கும் தனித்தனி இடம் என்ற வழக்கம் 1941-ல்தான் ஒழிந்தது. ‘பிராமணாள்’ என்ற போர்டை எதிர்த்து 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே முன் பெரியார் போராட்டம் நடத்தினார். உணவகங்களுக்குள் நுழைய சாதி, மத, பாலின அடிப்படையில் யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவே சொல்கிறது.

போர்டு போய்விட்டது. ஆனா கறுப்புக் கண்ணாடிக் கதவு, வாசலில் செக்யூரிட்டி, விலை தெரியாத மெனு என்றால், கையில் காசு இருந்தாலும் லுங்கியில் வந்த ஆள் தயங்குவார். வாசலிலேயே விலைப் பட்டியல் வைத்த கடைக்குள் அவர் தைரியமா வருவார். வாசலில் நான்கு கிரானைட் படி, கைப்பிடி கிடையாது என்றால் முழங்கால் வலி உள்ள பாட்டியோடு வரும் குடும்பமே வேறு கடைக்குப் போகும். ஒரு பாட்டியால் ஐந்து பேர் பில் போச்சு. சாய்தளம் அமைக்க ஆகும் செலவை அந்த ஒரு மாசத்துக் கணக்கிலேயே பார்க்கலாம்.

கழிப்பறையும் அப்படித்தான். நெடுஞ்சாலையில் எந்த மோட்டலில் வண்டியை நிறுத்துவது என்பதைப் பல குடும்பங்களில் முடிவு செய்வது பெண்கள், அவர்கள் முடிவு செய்வது டாய்லெட்டை வைத்து. தாழ்ப்பாள் சரியா விழுகிறதா, தண்ணீர் வருகிறதா, பையை மாட்ட ஒரு ஆணி இருக்கிறதா. லட்சக்கணக்கில் முகப்பு அலங்காரம் செய்துவிட்டு அந்த ஆணியை மறந்த கடைகள் எத்தனையோ.

சரி, பில் வந்துவிட்டது. என்ன பார்க்கணும்? ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தானா என்று முதலில் பாருங்கள், அது சாப்பாட்டு விலை மேல் வருவது. ஏ.சி. ஹாலுக்குத் தனி விலை என்றால் அது ஆர்டர் கொடுக்கும் முன்பே மெனுவில் தெரிய வேண்டும், பில்லில் முதல்முறையா தெரியக் கூடாது. சர்வீஸ் சார்ஜ் என்று தனி வரி இருந்தால் எடுக்கச் சொல்லலாம். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம். தண்ணீருக்கு மட்டும், பாட்டில் வேண்டாம், சாதா தண்ணி கொண்டுவாங்க என்று சொன்னால் போதும்.